சுண்ணாம்புச் சுவரும் பரணில் ஏறிய பூனையும்

அன்புள்ள சார்,

திருவல்லிக்கேணியில் உங்கள் பழைய வீட்டை நீங்களும் உங்கள் மனைவியும் செப்பனிட்ட கதையைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

புரசைவாக்கத்தில் என் கணவரின் பாட்டி வீடு எங்களுக்கு வந்தது. 1930களில் கட்டியது. திண்ணை, ரேழி, கூடம், சின்ன முற்றம், பின்கட்டு. தலைக்கு மேல் மர உத்திரமும், அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளமும். அடுக்குமாடி கட்டலாம் என்று வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டோம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், கையில் பணம் குறைவு. அதனால் வீட்டில் இருந்துகொண்டே, சனி ஞாயிறுகளில் முடிந்ததை நாங்களே செய்கிறோம்.

மேற்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம். காரை கொட்டுகிறது. வந்து பார்த்த மூன்று மேஸ்திரிகளும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள். ஒருவர் மேல்தளத்தையே எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறார். சித்திரைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று என் கணவருக்கு அவசரம். மூன்று மாதமாக மணல், ஜல்லி தவிர வேறு எதையும் நாங்கள் பேசிக்கொண்டதாக நினைவில்லை. கூடத்துக் கதவு நிலையில் பழைய பச்சை பெயிண்ட்டின் மேல் மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதையும் சுரண்டிப் பாலிஷ் போடுவதா வேண்டாமா என்று போன வாரம் பெரிய சண்டை.

வீட்டோடு ஒரு பூனையும் வந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். மீனு என்று கூப்பிடுகிறோம். உடைக்கும் சத்தத்தில் பரண் மேல் ஏறிவிட்டது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

எஸ்., புரசைவாக்கம்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சுவர் எங்கேயும் போகாது, முதலில் பூனைக்குப் பதில் எழுதுங்கள்" என்றாள். அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடர்ந்து சில நாள் வயிறு காய்ந்தால் பூனையின் உடம்பில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். இன்றும் சாப்பிடவில்லை என்றால் நாளைக்கு லீவு போட்டாவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். 1903லிருந்து இருக்கிற கல்லூரி. உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான்.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று நிறம் உள்ள பூனை அநேகமாக எப்போதும் பெண்தான். வயிறு பெருத்திருக்கிறதா, மடி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டி போடும் நேரம் நெருங்கினாலும் பூனை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இருட்டான இடம் தேடி ஏறும். அப்படி இருந்தால் பரணில் ஒரு பழைய புடவையைப் போட்டுவிட்டு, அந்தப் பக்க வேலையை ஒரு மாதம் நிறுத்திவிடுங்கள். குட்டிகள் கண் திறக்கவே ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

குட்டி இல்லை, பயம்தான் என்றால் அதற்கும் வழி உண்டு. எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் கைவைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு அறையை விட்டுவிடுங்கள். அங்கே சுத்தியல் சத்தம் கூடாது, சாமான்களை இடம் மாற்றக்கூடாது. தண்ணீரும் சாப்பாடும் மண் தட்டும் அந்த அறையில்தான். பூனைக்கு வீடு என்பது வாசனையும் பழகிய வழியும்தான். அது தினம் நடந்துபோகிற வழியை நீங்கள் உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மார்க்கெட்டில் விடுகிற பேச்சே வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கிற பூனைகள் அதை உள்ளே விடாது, திரும்பி வர முயன்றால் சாலையில் அடிபடும்.

இன்னொன்று, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்களிடம் கருப்பி என்று ஒரு பூனை இருந்தது. பின்கட்டில் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தோம். கல் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டதும் கொதிக்கும், உங்களுக்குத் தெரியும். ஆறிவிட்டது என்று நினைத்து மூடாமல் விட்டோம். கருப்பி அதில் கால் வைத்து, வலியில் பாதத்தை நக்கி, நாக்கும் வெந்துபோனது. என் மனைவி குழாயடியில் அதன் கால்களை வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பிழைத்தது. ஆனால் பத்து நாள் பால் மட்டும்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பலகை போட்டு மேலே கல் வைக்காமல் யாரும் நகர்ந்ததில்லை.

பூனை தன் உடம்பில் படுகிற எல்லாவற்றையும் நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். அதனால் தரையில் கொட்டுவது எல்லாம் அதன் வயிற்றுக்குப் போகிறது என்றே நினையுங்கள். டர்பன்டைன், பினாயில் இரண்டுமே ஆபத்து. கரையானுக்கு மருந்து அடிக்க வருகிறவரிடம் அதில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று கேளுங்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையைக் கொன்றுவிடும். வேலை செய்த அலுப்பில் உடம்பு வலிக்கு பாரசிட்டமால் வாங்கி வைத்திருப்பீர்கள். ஒரு மாத்திரை போதும் பூனை உயிர் போக. டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

பழைய பெயிண்ட்டுக்கு வருகிறேன். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டு ஜன்னலிலும் கதவிலும் இருப்பது பல பத்தாண்டுகளாக அடுக்கடுக்காகப் பூசியது. அதில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். மிஷின் வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு சுரண்டுங்கள். கீழே பாலிதீன் விரித்து, அன்றைக்கே மடித்து எடுத்துவிட்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பம் வேண்டாம், தூசி கிளம்பும். பூனைக்கு மட்டுமில்லை, உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, சுவர்.

மூன்று மேஸ்திரிகளும் ஒரே மாதிரி சொன்னார்கள் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அவர்கள் பழகிய பொருள் சிமெண்ட், அதனால் அதைச் சொல்கிறார்கள். உங்கள் சுவர் அந்தக் காலத்துச் செங்கல். இப்போதைய சூளைக் கல்லைவிட மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சும். அதன் மேல் இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே பூத்து, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடும். போகும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு போகும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009இல் எங்கள் ரேழிச் சுவரை சிமெண்ட் பூசினோம். பளிச்சென்று இருந்தது. இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் தோளுக்கு வந்துவிட்டது. அதைக் கொத்தி எடுக்கும்போது கூடவே பொடிந்து வந்த செங்கல்லைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள். நூறு வருஷம் நின்ற கல்.

சென்னைக்கு சிமெண்ட் நேற்று வந்த பொருள் இல்லை. 1904லேயே இங்கே கிளிஞ்சலை வைத்து சிமெண்ட் செய்து பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆக, உங்கள் கணவரின் பாட்டி வீட்டைக் கட்டிய காலத்தில் சிமெண்ட் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் சுண்ணாம்பில் கட்டியிருக்கிறார்கள். அதே பொருளால் அதைச் சரிசெய்வதுதான் முறை.

ஆனால் சுண்ணாம்பா சிமெண்ட்டா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. எஸ்., தயவுசெய்து இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு கரண்டி காரைகூட வாங்காதீர்கள். மேற்குச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக் குளியலறையா? மாடித் தண்ணீர் விழும் தூம்பு அந்தச் சுவரை ஒட்டியா இறங்குகிறது? மேல்நிலைத் தொட்டி அந்த மூலையிலா இருக்கிறது? அப்புறம் தெருவைப் பாருங்கள். நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிறோம். உங்கள் திண்ணை அப்படி அமுங்கியிருந்தால் தெருத் தண்ணீர் முழுக்க உங்கள் அஸ்திவாரத்தில்தான் நிற்கும். சுவரை ஒட்டிப் பின்னால் வந்தவர்கள் போட்ட சிமெண்ட் தளம் இருந்தால் ஒரு முழ அகலத்துக்கு உடைத்து எடுத்து ஜல்லி போடுங்கள். மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துச் சுவரைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய் மழைநீர்த் தொட்டியில் விடுங்கள். 2003இல் எல்லா வீட்டிலும் கட்டாயம் என்று அமைத்த தொட்டி உங்கள் வீட்டிலும் எங்கேயாவது மண் மூடிக் கிடக்கும்.

தண்ணீரை நிறுத்தியபின் உப்பு பூத்த பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். சித்திரை, வைகாசி வெயில் அதை உலர்த்தட்டும். பூச்சு வேலையை ஆனி, ஆடியில் வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பூசினால் சட்டென்று காய்ந்து வெடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டுதான் கல்லாகும். ஒவ்வொரு பூச்சும் மெலிசாக இருக்க வேண்டும், ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும், அடுத்த பூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் கணவரின் சித்திரைக் கெடுவுக்கு இது ஒத்துவராது. அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மேல்தளத்தை எடுக்கச் சொன்னவரை இனி அழைக்கவே வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் இருப்பதை இன்று கட்டத் தெரிந்தவர்கள் குறைவு. உத்திரங்களுக்கு நடுவே ஒரு அங்குலக் கனம் உள்ள சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சாரப் பலகைகூட இல்லாமல் சுண்ணாம்பாலேயே ஒட்டவைத்துக்கொண்டு போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். மே மாதத்தில் உங்கள் கூடம் குளுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் பெரிய பலவீனம் ஒரு இடத்தில்: உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிற இடம். தட்டோட்டுச் சந்து வழியே இறங்கும் தண்ணீர் அங்கே தங்கி மரத்தை அரிக்கும். ஏணி போட்டு ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பயமில்லை. பொத்தென்று கேட்டால், குத்தியது உள்ளே இறங்கினால், அன்றைக்கே முட்டுக் கொடுங்கள். பிறகு பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். உத்திரம் மாற்றுவதை நீங்கள் இருவரும் செய்யவே கூடாது. மின்சார வயரிங்கும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டு, மற்றதில் கைவையுங்கள்.

அந்த மற்றதில் உங்களுக்கு நிறைய இருக்கிறது. தட்டோட்டுச் சந்துகளைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடைக்கலாம். கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். கடைசியில் வெள்ளையடிக்கலாம். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்து, கொஞ்சம் நீலம். நானும் என் மனைவியும் சேர்ந்து செய்ததிலேயே மனசுக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். பூசும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து அது வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்று மாதமாக மணல், ஜல்லியைத் தவிர வேறு பேசவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த வரி அதுதான். எங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் வீட்டு வேலையைப் பற்றிப் பேச்சு இல்லை. கணக்கு நோட்டும் மூடிவிட வேண்டும். முதல் வாரம் என்ன பேசுவதென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் செய்து பாருங்கள்.

கூடத்து நிலை விஷயத்தில் நான் உங்கள் பக்கம், பாலிஷ் வேண்டாம் என்பது நீங்கள்தான் என்றால். அந்தப் பச்சை பெயிண்ட் உதிராமல் கெட்டியாக இருக்கிற வரையில் அதில் ஈயம் இருந்தாலும் தொந்தரவு இல்லை, சுரண்டினால்தான் கெடுதல். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். உங்கள் கணவரை அதன் முன்னால் நிற்கவைத்து, எந்தக் கோடு அவருடையது என்று கேளுங்கள். எந்த வயதில் போட்டது, யார் போட்டார்கள் என்றும். பதிலை எனக்கு எழுதுங்கள். மீனு சாப்பிட்டதா என்பதை அதற்கு முன்பே, நாளைக்கே எழுதுங்கள். என் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.