காசு கட்டுமுன் எந்தத் தொழிற்சாலை என்று கேளுங்கள்

தம்பி, திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். சீனக்குடா ஆலையொன்றில் ஆறு வருடம் மின்சார வேலை, கையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம், கனடா நிரந்தர வதிவிட விசாவும் வந்துவிட்டது. ரொறன்ரோவில் ஒரு ஏஜென்சி எட்டு வாரம் பயிற்சி தந்து வேலையும் எடுத்துத் தருமாம், முற்பணம் கட்டலாமா என்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர்க்கோட்டு, கார் லைசென்ஸ் என்று ஒரு பட்டியல். கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். கொழும்பில் விற்பது நுவரெலியாவுக்குத்தான் காணும். வாடகையைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்குப் பிரஷர் ஏறும். மற்றது வந்தபின் தானாக விளங்கும்.

முற்பணம் கட்டாதீர்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கச் சட்டம் விடாது. 2024 ஜூலையிலிருந்து அவர்களுக்கு உரிமமும் வேண்டும். மாகாண அரசின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். "அது வேறு, இது பயிற்சிக் காசு" என்பார்கள். அந்தக் கதை நான் வந்த காலத்திலேயே இருந்தது. எங்கள் பேஸ்மென்டில் இருந்த நாலு பேரிடமும் போர்க்லிஃப்ட் பயிற்சி என்று ஒருவர் காசு வாங்கினார், நம்மவர்தான். ஒரு சனிக்கிழமை, ஒரு அட்டை. திங்கள் காலை பெட்டி தூக்க அனுப்பினார். போர்க்லிஃப்டை ஓட்டியது வேறு யாரோ.

உண்மையான பயிற்சித் திட்டங்களும் இருக்கின்றன. ஒரு பகுதியிலுள்ள தொழிற்சாலைகள் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்லும், கல்லூரி அதற்கேற்ப வகுப்பை அமைக்கும், அரசு செலவைப் பார்க்கும். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவையில் அவுஸ்திரேலிய உதவியோடு சுற்றுலாத் தொழிலுக்கு ஆட்களைப் பழக்கிய எஸ்4ஐஜி திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறக்குறைய அந்த வகைதான். இங்கே தொழில் பழகுநராகச் சேர்வதற்கு முந்திய பயிற்சி என்று ஒன்று உண்டு. இலவசம், ஒரு வருடம்வரை போகும், பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் வேலைத்தளத்தில் நிற்க விடுவார்கள். யார் நடத்தினாலும் இதைக் கேளுங்கள்: கடைசியில் எந்தத் தொழிற்சாலை? போன முறை படித்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்கள்? பெயர் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் ஆறு வருடம் வேலை பார்த்த நீங்கள் ஏன் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்? கட்டட மின்சார வேலைக்கு 309ஏ என்ற பிரிவு; அது கட்டாய உரிமத் தொழில், பழகுகாலம் 9,000 மணித்தியாலம். தொழிற்சாலை மின்சாரத்துக்கு 442ஏ; அதற்கு உரிமம் கட்டாயமில்லை, உங்கள் வேலைக்கும் அதுதான் கிட்ட. ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பு உங்கள் பழைய அனுபவத்தை மதிப்பிட்டு ஏற்றுக்கொண்டால், நேரே பரீட்சை எழுதலாம். சித்திக்கு 70 வீதம். மதிப்பீட்டுக்கு வேலை தந்தவரின் கடிதம் வேண்டும். நம் ஊர்க் கடிதம் எப்படி இருக்கும்? "நேர்மையானவர், கடமை தவறாதவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." அதை வைத்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எத்தனை மணித்தியாலம், என்னென்ன மோட்டர், எந்தப் பனல், எதைப் பழுது பார்த்தீர்கள் என்று ஆலையின் கடிதத்தாளில் ஆங்கிலத்தில் வேண்டும். விமானம் ஏறுமுன் வாங்கிவிடுங்கள். இங்கிருந்து ஃபோன் எடுத்து வாங்குவது பெரிய பாடு.

வந்த கிழமையே ஒரு அண்ணன் வருவார். "உதெல்லாம் வேலைக்காகாது, என்னோடு இரவு சிஃப்ட்டுக்கு வா" என்பார். நல்ல மனுசன், முதல் மாச வாடகைகூடக் கடன் தருவார். ஆனால் இருபது வருடமாக அதே பொதியிடும் வரிசையில் நிற்பவர். நீங்கள் வேறு பக்கம் போனால் அவருக்குக் கொஞ்சம் சுடும். சோறு சாப்பிடுங்கள், தொழில் ஆலோசனை கேட்காதீர்கள்.

நான் திருமலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடையொன்றில் பழகியவன். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் உப்புக்காற்றில் அரித்த பம்புகள் வந்து குவியும். முதலாளி வாயால் எதுவும் சொல்லித் தரமாட்டார். மூடியைக் கழற்றி முகத்துக்கு நேரே நீட்டுவார், நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேர்க்‌ஷொப்பில், பனிக்காலம் முடிய லொறி வந்து நிற்கும் பக்கத்துக் கதவு மோட்டர் அடிக்கடி நின்றது. வயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கழற்றிப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது: ரோட்டில் பனிக்குப் போடும் உப்பு. கிண்ணியாப் பம்பில் இருந்த அதே பச்சைக் களிம்பு. போர்மன் ஒரு போர்த்துக்கீசக் கிழவர், அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர். அடுத்த கிழமை பழகுநர் பதிவுப் படிவத்தை அவரே கொண்டுவந்து, "இதை நிரப்பு" என்றார். பெயரை மட்டும் கடைசிவரை சரியாக உச்சரிக்கவில்லை.