‘நோ ஆடட் ஷுகர்’ பாக்கெட்: வண்டை விடுங்கள், லேபிளைப் பிடியுங்கள்

கேள்வி: வக்கீல் சார், நாங்கள் கொடுங்கையூரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. சிப்ஸ், மிக்சரை நிறுத்திவிட்டு நல்லதாக ஏதாவது வாங்கலாம் என்று பெரம்பூரில் ஒரு மளிகைக் கடையில் சிறுதானிய உருண்டை பாக்கெட் வாங்கினேன். முன்பக்கம் ‘100% நேச்சுரல்’, ‘நோ ஆடட் ஷுகர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. ‘சுகர் இருக்கிறவங்க தாராளமா சாப்பிடலாம்’ என்று கடைக்காரரும் சொன்னார். இரண்டு மாதம் தினமும் இரண்டு உருண்டை சாப்பிட்டார். சர்க்கரை 380-க்குப் போய், தனியார் ஆஸ்பத்திரியில் 3 நாள் வைத்துப் பார்த்தோம். பில் 27,400 ரூபாய். கடைசியாகப் பிரித்த பாக்கெட்டில் வண்டு வேறு. கேட்கப் போனால், நாலு பேர் எதிரில் ‘நோகாம காசு புடுங்க வந்துட்டீங்களா’ என்று கத்தினார். அன்று இரவு முழுவதும் நான் தூங்கவில்லை. என் கணவர் கோபத்தில் ‘விஷம் விக்கிற கடை’ என்று ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போட்டுவிட்டார். ‘ரெண்டு லட்சம் குடுத்தா எடுத்துடறேன்’ என்று கடைக்காரருக்கு மெசேஜும் அனுப்பினார். பிரிக்காத பாக்கெட் இரண்டு இருக்கிறது. பின்பக்கம் பார்த்தால் கம்பு மாவு, பேரீச்சை சிரப், வேர்க்கடலை, தேன், இன்வர்ட் சிரப், நெய், ஐ.என்.எஸ். 322 என்று இருக்கிறது. 10 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? கடையைச் சீல் வைக்க முடியுமா?

பதில்: கடைக்காரர் கத்தியது, நாலு பேர் பார்த்தது, தூக்கம் போனது எதுவும் வழக்கில் நிற்காது. வண்டும் அப்படித்தான். பிரித்த பாக்கெட்டில் வண்டு எப்போது நுழைந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ‘உங்கள் வீட்டு டப்பாவிலிருந்து வந்தது’ என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால் உங்கள் நல்ல வாதமும் அதோடு சேர்ந்து பலவீனமாகும். புகாரில் வண்டைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாதீர்கள்.

சட்டப்படி உங்களிடம் இருப்பது ஒன்றுதான்: பாக்கெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. உணவுப் பொருள் விளம்பரம், உரிமைகோரல் பற்றிய 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ‘நோ ஆடட் ஷுகர்’ என்று போட வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. தேனும் அதில் அடக்கம். சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பூட்டும் உலர்பழ விழுது மாதிரியான பொருளும் கூடாது. உங்கள் பாக்கெட்டில் தேன் இருக்கிறது, இன்வர்ட் சிரப் இருக்கிறது. இன்வர்ட் சிரப் என்பது சர்க்கரையை உடைத்து எடுத்த குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் பாகு. ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்த்த சர்க்கரை’ என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 0 என்றால் பொய் இரண்டு இடத்தில் அச்சாகியிருக்கிறது. வேறு எண் என்றால், முன்பக்கத்தைப் பின்பக்கமே மறுக்கிறது. இரண்டுமே உங்களுக்குச் சாதகம்.

‘நேச்சுரல்’ விஷயமும் அதே ஒழுங்குமுறையில்தான் வருகிறது. பலவற்றைக் கலந்து செய்த பண்டத்தை நேச்சுரல் என்று அழைக்கக் கூடாது. எல்லா மூலப்பொருளும் தகுதி பெற்றால் ‘இயற்கையான பொருள்களால் செய்தது’ என்று மட்டும் சொல்லலாம். கம்பெனி இதற்கு ஒரு கதவு வைத்திருக்கலாம்: அந்தச் சொல் பிராண்டு பெயரின் பகுதி என்று வாதிடும். அப்படியானால், இது வெறும் பிராண்டு பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல என்ற வாசகம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

இனி, ஜெயிக்க வேண்டிய வழக்கை இந்த மாதிரிக் கட்சிக்காரர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று சொல்கிறேன்.

முதலாவது, லேப். பாக்கெட்டைப் பரிசோதனைக்கு அனுப்பினால் உண்மை வெளியே வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உங்கள் வழக்கில் அது கேடு. லேபில் குளுக்கோஸ் இத்தனை, ஃப்ரக்டோஸ் இத்தனை என்று வரும். பேரீச்சையில் இருப்பதும் அதே இரண்டு சர்க்கரைதான். எது பழத்திலிருந்து வந்தது, எது இன்வர்ட் சிரப்பிலிருந்து வந்தது என்று சாதாரணப் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. ‘மொத்தச் சர்க்கரை லேபிளில் உள்ளபடியே இருக்கிறது’ என்று அறிக்கை வந்தால் அதைக் கம்பெனிதான் கொண்டாடும். பகுப்பாய்வு இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது என்ற நிலையில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 38 மாதிரியை லேபுக்கு அனுப்பச் சொல்கிறது. உங்கள் குறைபாடு அச்சில் இருக்கிறது, படித்தாலே தெரியும். லேப் மனு போடாதீர்கள், எதிர்த்தரப்பு போட்டால் எதிருங்கள். நீங்களே தனியாகப் பகுப்பாய்வு செய்துகொள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் பிரிவு 40 இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அந்த நோக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லவில்லை. அந்த வழி அடைபட்டது.

இரண்டாவது, பாக்கெட். பேட்ச் எண்ணும் தேதியும் இங்க்ஜெட் அச்சு. விரல் பட்டு அழியலாம், பிரிட்ஜில் வைத்தால் ஈரத்தில் போய்விடலாம். இரண்டு பாக்கெட்டையும் ஜிப் கவரில் போட்டு, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஆறு பக்கமும் படம் எடுங்கள். பேட்ச் எண், 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் முகவரி தெளிவாகத் தெரியட்டும். செல்போன் படத்தை ஆவணமாகக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழும் வைக்க வேண்டும். புகார் போன சில வாரத்தில் கம்பெனி லேபிளை மாற்றிவிட்டு, ‘எங்கள் பாக்கெட் இப்படித்தான்’ என்று புது அச்சைக் காட்டுவது நடக்கிறது. பழைய பாக்கெட் கையில் இருந்தால் அந்த மாற்றமே அவர்களுக்கு எதிராகத் திரும்பும். ‘ஆராய்ந்து பதில் சொல்கிறோம்’ என்று கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்தால் படம் எடுத்துக்கொள்ளட்டும். பாக்கெட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

பில் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஜிபேயில் பணம் போன செய்தி தொகையைக் காட்டும், பொருளைக் காட்டாது. பொருள் பெயர் போட்ட பில் ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால், அந்தப் பேட்ச் தன் கடையில் விற்றது என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. நீங்கள் சீல் வைக்கத் துடிக்கும் அந்த மனிதர் உங்களுக்குத் தேவைப்படுகிற சாட்சி. அச்சடித்த பொய் தயாரிப்பாளருடையது. அதைப் பிரித்துப் பார்க்காமல் விற்ற மளிகைக்காரர் மீது பொருள் பொறுப்பு (பொருளால் வந்த கேட்டுக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு) சுமத்த, 2019 சட்டத்தின் பிரிவு 86 கடுமையான நிபந்தனைகள் வைக்கிறது. ‘தாராளமா சாப்பிடலாம்’ என்று அவர் தனியாக உத்தரவாதம் தந்ததாகச் சொல்லலாம். மறுத்தால் உங்கள் வாய்ச்சொல்தான் மிச்சம். அவரைச் சம்பிரதாயமான எதிர்த்தரப்பாக மட்டும் சேருங்கள். குறி தயாரிப்பாளர் மீது.

மூன்றாவது, ஆஸ்பத்திரிக் காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ‘மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை’, ‘உணவுக் கட்டுப்பாடு இல்லை’ என்று டியூட்டி டாக்டர் எழுதிய அரை வரி போதும், 27,400 ரூபாயும் கையை விட்டுப் போகும். முழு கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். உருண்டை சாப்பிட ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த ஹெச்பிஏ1சி அறிக்கை இருந்தால் அது தங்கம். அந்தச் சோதனை ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இல்லையென்றால் உடல்நலக் கேட்டுக்கு உருண்டைதான் காரணம் என்று நிறுவுவது கஷ்டம். இப்போது போய் டாக்டரிடம் புதிதாகச் சான்று எழுதி வாங்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்தத் தேதியே உங்களைக் கவிழ்த்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் கணவரின் மெசேஜ். ‘பணம் கொடுத்தால் வீடியோவை எடுக்கிறேன்’ என்பது பேரம் அல்ல. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 308-இல் மிரட்டிப் பறித்தல் குற்றமாகப் பதிவு செய்ய ஏற்ற வாசகம். பணம் கை மாறியிருந்தால் 7 ஆண்டு வரை தண்டனை. மாறாவிட்டாலும் அச்சுறுத்தியதற்கே 2 ஆண்டு வரை. ‘விஷம்’ என்ற சொல்லுக்குப் பிரிவு 356-இல் அவதூறு தனியாக வரும். லேபிளில் இருப்பது பொய் என்று உங்களால் நிரூபிக்க முடியும், விஷம் என்று முடியாது. கடைக்காரர் காவல் நிலையம் போனால் நீங்கள் புகார்தாரர், உங்கள் கணவர் குற்றம் சாட்டப்பட்டவர் என்று இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கும். வீடியோவை இன்றே எடுங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காமல். மெசேஜை அழிக்க வேண்டாம். கடைக்காரர் போனில் அது இருக்கும், அழித்தால் மறைக்கப் பார்த்ததாகத்தான் படும். இனித் தொகை பற்றிப் பேச்சு எல்லாம் வக்கீல் நோட்டீசில் மட்டும்.

இந்த மெசேஜை வைத்துக்கொண்டு 10 லட்சத்துக்கு வழக்கு நடத்தச் சொல்ல மாட்டேன். சமரசம் செய்துகொள்ளுங்கள். இந்த வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதால் பெரிய தொகை கேட்பது வழக்கமாகிவிட்டது. நுகர்வோர் ஆணையம் முதலில் பார்ப்பது கேட்ட தொகைக்கும் காகிதத்துக்கும் உள்ள தூரத்தை. மருத்துவச் செலவு, பாக்கெட்டுகளின் விலை, அதற்கு மேல் 50,000 முதல் 75,000 வரை கம்பெனி தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். லேபிளைத் திருத்துவதாக எழுத்தில் உறுதி கேளுங்கள். அடுத்த வீட்டுச் சர்க்கரை நோயாளியைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் கவனம். பணம் வங்கி வழியாக வரட்டும். ரொக்கமாக வாங்கினால் பறித்தல் கதைக்கு உயிர் கொடுத்தது போலாகும். ‘பொருளில் எந்தக் குறையும் இல்லை’ என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்ய மாட்டேன்’ என்ற நிபந்தனையையும் ஏற்காதீர்கள்; குற்றத்தை மறைக்கச் செய்யும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது, உங்களுக்கும் வம்பு. அதேபோல், கடைக்காரர் உங்கள் கணவர் மீது புகார் கொடுக்க மாட்டார் என்றும் இதில் எழுதி வாங்க முடியாது. அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்துக்கொள்வதுதான் அதற்கு வழி.

துறைக்குப் போகும் புகாரை உடனே அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம் நடந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும் என்பது பிரிவு 77. தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் உண்டு. அது அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது.

கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பாருங்கள். அசையவில்லை என்றால் பார்க் டவுன் பிரேசர் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கெடு இரண்டு ஆண்டு. வாங்கியவர் நீங்கள், சாப்பிட்டவர் மாமியார். உங்கள் சம்மதத்தோடு உபயோகித்ததால் அவரும் நுகர்வோர்தான், அவரை இரண்டாம் மனுதாரராகச் சேருங்கள். அவர் பெயர் இல்லாமல் ஆஸ்பத்திரி பில்லைக் கேட்டால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும்.