"அமெரிக்காவில் செப்டம்பரில் தொடங்கும் புது டிவி சீசனுக்காக இன்னும் யாராவது காத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேனல்களில் புது நாடகங்கள் ஆரம்பிக்கும் காலம் அது.

நான் காத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும்.

"ஓடிடி வந்த பிறகு இது வெட்டி வேலை இல்லையா?" என்றும் கேள்வியின் கீழே சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் இங்கே வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும், வேலைக்குப் போகிறவர், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கைக்கு வந்ததைப் போட்டுப் பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் "வெட்டி வேலை" என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் இந்தப் பதில்.

2004 ஜூலையில் கல்யாணமாகி நியூஜெர்சி எடிசனுக்கு வந்தேன். எச்-4 விசா, அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தருவது. ஊரில் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவள். இங்கே சம்பளத்துக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. எதற்கெடுத்தாலும் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி அடையாள நம்பர் கிடையாது. கார் ஒன்றுதான், அதையும் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசாத நாட்கள் நிறைய. என்னைப் போன்ற மனைவிகளில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்க 2015 மே வரை ஆனது. பதினோரு வருடம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது, விடுங்கள்.

கீழ்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். துணி துவைக்கும் பொது அறையில்தான் பழக்கம். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், எனக்கு வாய் வரவில்லை. "மேம்" என்றே கடைசிவரை கூப்பிட்டேன். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். டிவி கைட் பத்திரிகையின் புது சீசன் சிறப்பிதழ். அப்போது அது நம்ம ஊர் பாக்கெட் நாவல் அளவுதான் இருக்கும், இந்த ஒரு வாரம் மட்டும் தடியாக வரும். எந்த நாள் எந்த மணிக்கு எந்தச் சேனலில் எது புதிது என்று அதில் அவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். புதன்கிழமை எட்டு மணிக்கு இரண்டு வட்டம். "அன்று என் வீட்டுக்கு வா" என்றார்.

புது சீசன் ஏன் செப்டம்பரில் தொடங்குகிறது என்று அவர்தான் சொன்னார். அவர் கணவர் எடிசனில் ரூட் 1 மேல் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1948-இல் தொடங்கிய ஆலை, நான் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு 2004 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். புது மாடல் கார் இலையுதிர் காலத்தில்தான் கடைக்கு வரும், கார் கம்பெனிகளுக்கு அந்தச் சமயத்தில்தான் நிறைய விளம்பரம் வேண்டும், கோடையில் ஊர் சுற்றிய சனங்களும் பள்ளிக்கூடம் திறந்து வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். நியூயார்க்கில் மே மாதமே விளம்பரக்காரர்களைக் கூட்டிப் புது நிகழ்ச்சிகளைக் காட்டி நேரத்தை விற்றுவிடுவார்களாம். "அவர் காரைப் பார்ப்பார், நான் நாடகத்தைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

2001 செப்டம்பரைப் பற்றியும் சொன்னார். இரட்டைக் கோபுரத்தின் உச்சியில்தான் நியூயார்க் சேனல்களின் ஆன்டெனா இருந்தது. கோபுரம் விழுந்தபோது அதுவும் போய்விட்டது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மாற்று ஏற்பாடு வைத்திருந்த 2-ஆம் சேனல் மட்டும் அவர் வீட்டுப் பெட்டியில் ஒழுங்காகத் தெரிந்ததாம். அந்த வருடம் புது சீசனே ஒரு வாரம் தள்ளித்தான் தொடங்கியது. "அந்த ஒரு வாரம் மாதிரி நீளமான வாரம் என் வாழ்க்கையில் இல்லை" என்றார். அவர் வயதில் ஒருவர் இப்படிச் சொல்லும்போது அது வெறும் டிவி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

2004 செப்டம்பர் 22, புதன்கிழமை. ஏபிசி சேனலில் 'லாஸ்ட்' நாடகத்தின் முதல் எபிசோட். விமானம் நொறுங்கி யாரென்று தெரியாத மனிதர்கள் ஒரு தீவில் கிடக்கிறார்கள். பாதி ஆங்கிலம் காதில் ஏறவில்லை. ஆனால் மறுநாள் துணி அறையில் மூன்று பெண்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காட்டுக்குள் மரத்தை முறித்துக்கொண்டு வந்தது என்ன என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். மூவரும் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அமெரிக்கா வந்து இரண்டு மாதத்தில், என் கருத்தை ஒருவர் நின்று கேட்டது அன்றுதான்.

அதற்கப்புறம் வாரம் வாரம்.

2006 செப்டம்பர் 25, திங்கள் இரவு ஒன்பது மணி, என்பிசி. மடியில் ஆறு மாதக் குழந்தை. 'ஹீரோஸ்' ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் வகுப்பறையில் ஒரு பேராசிரியர், ஊர் மெட்ராஸ் என்று காட்டுகிறார்கள். நடிப்பவர் பெயர் செந்தில் ராமமூர்த்தி. சிகாகோவில் பிறந்தவர்தான், இருந்தாலும் அமெரிக்க சேனலில் முக்கிய நேரத்தில் செந்தில் என்ற பெயர் ஓடியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மேம், இது என் ஊர்ப் பக்கம்! அந்த நகரத்துக்கு 1996-லேயே சென்னை என்று பெயர் மாற்றிவிட்டார்கள்" என்றேன். அடுத்த நாள் அந்த அம்மா கட்டடத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் எல்லோரும் என்னிடம் சென்னையைப் பற்றிக் கேட்டார்கள்.

2007 கோடையில் அவர் மகள் வந்து சிகாகோ பக்கம் கூட்டிப் போய்விட்டாள். இங்கே விளம்பரத்தில் "எட்டு மணி, சென்ட்ரல் ஏழு மணி" என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். கிழக்குக்கும் சிகாகோவுக்கும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பு, கடிகாரம்தான் வேறு. அவர் போன பிறகுதான் அதன் அருமை எனக்குத் தெரிந்தது. செப்டம்பரிலிருந்து, விளம்பரம் வந்ததும் போன் அடிக்கும். இரண்டு நிமிடம் பேச்சு. நாடகம் மறுபடி தொடங்கியதும் சொல்லிக்கொள்ளாமலே இருவரும் வைத்துவிடுவோம். நவம்பர் 5 அன்று எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, பிப்ரவரிவரை எதுவும் ஒழுங்காக வரவில்லை; ஹீரோஸே பதினோரு எபிசோடோடு நின்றது. போன் மட்டும் நிற்கவில்லை. பழைய எபிசோட் மறுஒளிபரப்புக்கும் பேசினோம். 2012 குளிர்காலத்தில் அவர் இறந்தார். அடுத்த செப்டம்பரில் முதல் விளம்பர இடைவேளை வந்ததும் கை தானாகப் போனை எடுத்தது.

இப்போது சிலர் வருவார்கள், "நெட்வொர்க் நாடகமெல்லாம் தரமா?" என்று. ஏபிசி, என்பிசி மாதிரிப் பெரிய சேனல்களைத்தான் நெட்வொர்க் என்பார்கள். நிறைய சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் முதலில் பதின்மூன்று எபிசோட் எடுக்கச் சொல்வார்கள், ஓடினால் இன்னும் ஒன்பது. ஓடாவிட்டால் ஈவிரக்கம் இல்லை. 2010-இல் 'லோன் ஸ்டார்' இரண்டே எபிசோடில் போனது, எனக்குப் பிடித்திருந்தது. நான் ஓடிடிக்கு எதிரியும் இல்லை. 2020 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் கதை 'நெவர் ஹேவ் ஐ எவர்' வந்தது, பத்து எபிசோடும் ஒரே நாளில். என் மகள் விடிய விடியப் பார்த்து முடித்தாள். மறுநாள் பேசலாம் என்றால், ஒரு தோழி மூன்றாவதில் இருக்கிறாள், இன்னொருத்தி "கதையைச் சொல்லாதே" என்கிறாள். நம் வீட்டுச் சாயலில் வந்த கதையைப் பற்றி அவளால் யாரோடும் பேச முடியவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேபிள் பில்லில் "பிராட்காஸ்ட் டிவி கட்டணம்" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஆன்டெனா வைத்தால் இலவசமாக வரும் சேனல்களுக்கு வாங்கும் பணம் அது. 1992 சட்டப்படி சேனல்கள் கேபிள்காரர்களிடம் காசு கேட்கலாம், கேபிள்காரர் அதை நம் தலையில் கட்டுகிறார். எங்கள் பில்லில் ஒவ்வொரு வருடமும் ஏற்றினார்கள். கூப்பிட்டால் நாற்பது நிமிடம் பாட்டு, பிறகு "எல்லோருக்கும் இதுதான் மேடம்". நான் மாதாமாதம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றுதான் வருடக்கணக்கில் இருந்தது. இதைக் கேட்க ஆளே இல்லையா என்று அப்போது புலம்புவேன்.

அதனால் உங்களுக்கு என் பதில்: கடையில் ஒரு தட்டை ஆன்டெனா வாங்குங்கள். நியூயார்க்கைப் பார்த்த ஜன்னலில் ஒட்டுங்கள். இந்தப் பக்கம் இருந்தால் 2, 4, 5, 7 சேனல்கள் காசில்லாமல் வரும். 2023-இல் மறுபடி வேலைநிறுத்தம் வந்து அந்தச் செப்டம்பர் முழுக்கப் போட்டி நிகழ்ச்சிகளும் மறுஒளிபரப்புமாகப் போனது. அப்போதும் நான் பட்டியல் போட்டு வைத்தேன். இந்த வருடமும் போடுவேன், சிவப்புப் பேனாவில். பிடித்தது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருநாள், எட்டு மணி. கூடப் பார்க்க ஆள் இல்லை என்றால் இங்கேயே கீழே எழுதுங்கள். விளம்பர இடைவேளையில் பதில் போடுகிறேன்.