துணிமணி, செருப்பு, சோப்புக்குச் சிறு நிதி: கேட்டதும் சொன்னதும்

இல்லாதவர்களுக்குத் துணியும் அன்றாடச் சாமான்களும் வாங்கித் தருவதற்கென்று சமூக அமைப்புகள் சிறு தொகைகளை நிதியாகத் தருவதுண்டு. அப்படி நிதி கேட்டு நான்கு வருடம் அலைந்திருக்கிறேன். இப்போது ஆறு வருடமாக, வருகிற விண்ணப்பங்களைப் படித்து முடிவு சொல்லும் குழு ஒன்றில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, நான் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பிய்ந்த ஷூவோடு வருகிறார்கள். முதல் முறையாக விண்ணப்பம் எழுதப் போகிறேன். எதில் தொடங்குவது?

காலில் தொடங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் முதல் விண்ணப்பத்தில் நான்கு பக்கம் வறுமையைப் பற்றி உருகி எழுதினேன். எத்தனை பேருக்கு, என்ன அளவில், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி இல்லை. நிராகரித்துவிட்டார்கள். அன்று கோபம் வந்தது. இப்போது அதே தாள் என் கைக்கு வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அடுத்த முறை நிதி கிடைத்தது, அப்போதும் சொதப்பினேன். இந்த வயதுக்கு இந்த அளவு என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 40 ஜோடி வாங்கினேன். 17 ஜோடி யாருக்கும் சேரவில்லை.

அதனால் பிள்ளையை ஒரு தாளின் மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். உட்கார வைத்து வரைந்தால் பாதம் சிறிதாகக் காட்டும். மாலையில் வரைந்தால் இன்னும் நல்லது, நாள் முழுக்க ஓடியாடிய கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விடுங்கள். அந்தத் தாள்களிலிருந்து ஒரு பட்டியல் வரும்: எந்த அளவில் எத்தனை ஜோடி, ஒரு ஜோடி என்ன விலை, மொத்தம் எவ்வளவு. விண்ணப்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. மேலே நான்கு வரி விளக்கம் போதும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண் போடுங்கள்.

பழைய துணி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறதே. அதற்குப் போய் எதற்கு நிதி கேட்க வேண்டும்?

கிடைப்பது ஒன்று, வேண்டியது ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணிகள், எடுக்க ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. வீடு வாசல் எல்லாம் போனவர்களுக்குக்கூடக் கிழிசலும் கறையும் பிடித்த துணியைக் கையில் வாங்க மனம் வரவில்லை. அதில் வியக்க என்ன இருக்கிறது?

பழைய துணியை ஒழுங்காகக் கையாள முடியாது என்று சொல்லவில்லை. 1999-இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அதையே பெரிய அளவில் செய்கிறது. ஊர்க்காரர்கள் கிணறு வெட்டுவது, பாதை போடுவது என்று தங்கள் ஊர் வேலையைத் தாங்களே செய்ய, அதற்கு ஈடாகத் துணி தருகிறார்கள். இனாமாக வாங்கினோம் என்ற கூச்சம் அங்கே இல்லை. ஆனால் பிரிக்க, துவைக்க, தைக்க, அனுப்ப என்று அதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை கூடிச் செய்கிற காரியம் இல்லை.

நன்கொடைப் பெட்டியில் எப்போதும் வராத பொருள்கள் சில உண்டு: உள்ளாடை, சாக்ஸ், அளவான செருப்பு, துண்டு, போர்வை, சோப்பு. நிதியை இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டையும் சேலையும் எப்படியாவது வந்து சேரும்.

மேடம், உள்ளாடை, நாப்கின் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "சுகாதாரப் பொருள்கள்" என்று போட்டால் போதாதா?

போதாது. படிக்கிறவருக்கு அது பினாயிலா, பல்பொடியா என்று தெரியாது. பச்சையாக எழுதுங்கள். ஸ்காட்லாந்தில் இதற்கென்று சட்டமே இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 15 முதல் மாதவிடாய்ப் பொருள்கள் வேண்டுகிற எவருக்கும் அங்கே இலவசம். ஒரு நாடாளுமன்றம் வெளிப்படையாகப் பேசியதை நாம் ஒரு தாளில் எழுத என்ன தயக்கம்?

துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் சிக்கனம்தான். ஆனால் வாங்குகிறவர் வீட்டில் போதிய தண்ணீரும், மறைவாக இல்லாமல் வெயிலில் காயப்போட இடமும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அது அலமாரியில் தூங்கும்.

எத்தனை சோப்பு, எத்தனை உடுப்பு என்று கணக்குப் போட ஏதாவது அளவுகோல் உண்டா?

பேரிடர் நிவாரணக்காரர்கள் ஸ்ஃபியர் கையேட்டைப் பார்ப்பார்கள். அதன்படி ஓர் ஆளுக்கு மாதம் குளிக்க 250 கிராம் சோப்பு, துவைக்க 200 கிராம். உடுப்பு குறைந்தது இரண்டு முழு ஜோடி, அவரவர் அளவில், அந்தக் காலநிலைக்கு ஏற்றது. ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றொன்றை உடுத்த வேண்டுமே, அந்தக் கணக்கு.

40 குடும்பம், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் மாதத்துக்கு 90 கிலோ சோப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 90 கிலோ ஸ்கூட்டரில் ஏறாது. வண்டி வாடகையை வரவு செலவுத் திட்டத்தில் போடுங்கள். நிர்வாகச் செலவு என்று நினைத்துக் கழித்துவிடுவார்களோ என்று பயந்து பலர் இதை மறைக்கிறார்கள், அப்புறம் சொந்தக் கையிலிருந்து கொடுக்கிறார்கள். வாடகையே எழுதாத திட்டத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நாங்கள் ஐந்து நண்பர்கள், அவ்வளவுதான். பதிவும் இல்லை, அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை. எங்களுக்கு யார் தருவார்கள்?

தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷன் முறையைப் பாருங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, மாதம் ஒருவருக்கு 1000 டாலர் நிபந்தனை இல்லாமல் கொடுப்பது. பதிவு வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பல ஊர்களில் இப்படிக் குழுக்கள் முளைத்திருக்கின்றன.

மற்றபடி, பதிவு பெற்ற ஒரு தொண்டு அமைப்பின் பெயரில் விண்ணப்பிக்கலாம். பணம் அவர்கள் கணக்குக்கு வரும், வேலை உங்களுடையது. அவர்கள் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், எத்தனை நாளில் பணம் விடுவார்கள் என்பதை நட்பைப் பார்க்காமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எது செய்தாலும் உங்களில் ஒருவரின் சொந்தக் கணக்கில் போட்டுவைக்காதீர்கள். ஐந்து பேரின் நட்பும் அங்கேதான் முறியும்.

பொருளாகக் கொடுப்பதா, பணமாகவா?

பக்கத்தில் கடை இருந்து, அங்கே சரக்கும் இருந்தால் பணமோ கூப்பனோ கொடுங்கள். தன் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது தாய்க்குத் தெரியும். கடை இல்லாத இடம், வெள்ளம் புகுந்த இடம், வெளியே போக முடியாத முதியவர் என்றால் பொருள்.

நிதி கொடுத்தவர்கள் பொருள் வாங்குகிறவர்களின் புகைப்படம் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

முகம் தெரிய எடுக்காதீர்கள், அதிலும் பிள்ளைகளை வேண்டவே வேண்டாம். ஒரு போர்வைக்காகக் கையேந்தி நிற்கிற படத்தில் தன்னைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? அந்தப் படம் இணையத்தில் ஏறிவிட்டால் திரும்ப இறங்காது. "ஒப்புதல் வாங்கினோம்" என்பார்கள். கையில் பொருளை வைத்துக்கொண்டு கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

அடுக்கிவைத்த பொருள்கள், மூட்டை கட்டுகிற தன்னார்வலர்களின் கைகள், கடை பில், அளவுவாரியாக எத்தனை கொடுத்தோம் என்ற கணக்கு. இவற்றை அனுப்புங்கள். விண்ணப்பத்திலேயே "முகம் தெரியும் படங்கள் தர மாட்டோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் பின்னால் வம்பில்லை. நான் படித்தவரை அந்த வரிக்காக யாரையும் கழித்ததில்லை.

ஒரே ஆள் இரண்டு முறை வந்து வாங்கிப் போகிறார். எப்படித் தடுப்பது?

இரண்டு போர்வைக்காக இரண்டு முறை வரிசையில் நிற்கிறார் என்றால் அவருக்கு இரண்டு போர்வை தேவை. விடுங்கள்.

நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் பில் தர மாட்டார்கள். கணக்கில் எப்படிக் காட்டுவது?

வவுச்சர் எழுதுங்கள். தேதி, பொருள், எண்ணிக்கை, தொகை, விற்றவரின் கையெழுத்து, கூடவே உங்களில் இருவரின் கையெழுத்து. வாங்கப் போகும் முன்பே நிதி தந்தவர்களிடம் இது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் பில் இல்லாமல் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். மீதிப் பணம் இருந்தாலும் இதே கதைதான்: கேட்காமல் வேறு பொருள் வாங்காதீர்கள்.

அக்கா, நான்தான், அந்த ஆசிரியை. நேற்றே 11 பிள்ளைகளின் கால் வரைந்தாயிற்று. ஒருவன் மட்டும் ஷூவைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். சாக்ஸ் கிழிந்திருக்கிறதாம்.

அப்படியானால் பட்டியலின் முதல் வரியில் சாக்ஸைப் போடுங்கள். 12 பேருக்கும் இரண்டிரண்டு ஜோடி. அவனை நாளைக்கு, மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு வரையுங்கள்.