கூகுள் தேடலை வைத்து வயிற்றோட்டம் பரவுவதை முன்னமே அறியலாமா?

கேள்வி: உப்புவெளியில் முன்பள்ளி நடத்துகிறேன். ஒரு பிள்ளை சத்தி எடுத்தால் இரண்டு மூன்று நாளில் பாதி வகுப்பு வராது. மக்கள் கூகுளில் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைப் பார்த்தால், திருகோணமலையில் வயிற்றுக் கிருமி பரவுவது முன்கூட்டியே தெரியுமா?

பதில்: நாட்டளவில் ஓரளவு தெரியும். உங்கள் ஊரளவில் தெரியாது.

சத்தி, வயிற்றோட்டம் வந்தவர்களில் பலர் வைத்தியரிடம் போவதில்லை. ஆனால் நடுச்சாமத்தில் போனை எடுத்துத் தேடுவார்கள். பிரான்சில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றோட்டம் பற்றிய தேடல்களும் வைத்தியர்கள் அறிவித்த நோயாளர் தொகையும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறி இறங்கின. சுவீடனில், சத்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நோரோ வைரஸின் காலம் தொடங்குவதையும் இப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் வருத்தம் வந்தவர் மட்டுமா தேடுகிறார்? செய்தியில் பார்த்துப் பயந்தவரும் தேடுவார். இன்புளுவென்சா காய்ச்சலுக்காக கூகுள் 2008இல் தொடங்கிய கணிப்பு, 2012-13 பருவத்தில் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையான எண் ஆட்களின் தொகை அல்ல. நீங்கள் தெரிவுசெய்த காலத்தின் உச்சம்தான் 100. தேடல் குறைவாக இருந்தால் வெறும் பூச்சியம். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் என்று தேடல் பிரிந்து போகும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். கிழக்கு மாகாணத்தில் ஒரு வாரம் பூச்சியம், அடுத்த வாரம் 100 என்று வந்தால், சில பேர் கூடுதலாகத் தேடியதாலும் இருக்கலாம். சீசனில் நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர் ஹோட்டலில் இருந்து தேடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

உங்களிடம் அதைவிட நல்ல தரவு இருக்கிறது: வரவுப் பதிவேடு. வராத பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் 'சத்தி', 'வயிற்றோட்டம்' என்று காரணத்தையும், எப்போது தொடங்கியது என்பதையும் எழுதுங்கள். நோரோ தொற்றினால் 12 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறி தெரியும். அதனால் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நாளில் தொடங்கியிருந்தால், முதல்நாளும் அதற்கு முந்திய நாளும் எல்லாரும் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று பாருங்கள். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) அன்றைக்கே அறிவியுங்கள். சத்தி, வயிற்றோட்டம் நின்ற பிறகும் 48 மணி நேரம் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். அப்புறம், வாசலில் வைத்திருக்கும் சானிடைசரை நம்பியிருக்க வேண்டாம். நோரோவை அது சரியாகக் கொல்லாது, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவவைக்க வேண்டும்.