ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத, பயோஃபிலிம் கட்டிய பாக்டீரியாவை ஃபேஜ் வைரஸால் ஒழிக்க முடியுமா?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் "இனி ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நம்பிவிடாதீர்கள். எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் என் புராஜெக்ட் ஃபேஜ்தான், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

பாக்டீரியோஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ். பாக்டீரியா எங்கே மண்டிக்கிடக்கிறதோ அங்கேதான் ஃபேஜும் இருக்கும். ஆகவே எங்களுக்கு முதல் வேலையே சாக்கடைத் தண்ணீர் பிடித்து வருவதுதான். அதை இயந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டுத் தெளியவைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பாக்டீரியா மேலே நின்றுவிடும், ஃபேஜ் கீழே இறங்கிவிடும். அந்த வடிநீரைச் சூடோமோனாஸ் பாக்டீரியாவோடு சேர்த்து, இளகிய அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) கலந்து, பெட்ரி தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைக்கவேண்டும். மறுநாள் பாக்டீரியா தட்டு முழுக்கப் பால் ஏடு மாதிரி படர்ந்திருக்கும். ஃபேஜ் இருந்தால் அந்த ஏட்டில் குண்டூசித் தலை அளவுக்குத் தெளிவான ஓட்டைகள் தெரியும்.

முதல் தடவை என் தட்டில் ஏடே இல்லை, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஃபேஜ் மொத்தத்தையும் தின்றுவிட்டது என்று குதித்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். அவர் தட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபேஜ் போடாத கன்ட்ரோல் தட்டு எங்கேம்மா?" என்றார். எடுத்துப் பார்த்தால் அதுவும் காலி. அகார் சூடு ஆறும் முன்னே பாக்டீரியாவை அதில் கலந்து வேகவைத்திருக்கிறேன். மூன்றாவது முயற்சியில்தான் ஓட்டைகள் வந்தன.

சரி, பயோஃபிலிமுக்கு வருவோம். கழுவாத தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவினால் வழுவழுவென்று இருக்குமே, அதுதான் பயோஃபிலிம். பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த கூழைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். உடம்பில் செயற்கை மூட்டு, கதீட்டர், செயற்கை ரத்தக்குழாய் என்று எது இருந்தாலும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். கூழின் அடியில் இருப்பவை கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும். நிறைய ஆன்டிபயாட்டிக்குகள் வளர்கிற பாக்டீரியாவைத்தான் கொல்லும், தூங்குவதை ஒன்றும் செய்யாது. சில ஃபேஜ்களின் வாலில் இந்தக் கூழையே அறுக்கும் நொதி இருக்கிறது. அதனால் அவை துளைத்துக்கொண்டு உள்ளே போகும். போன இடத்தில் ஒரு பாக்டீரியா வெடித்தால் பல புதிய ஃபேஜ்கள் வெளியே வரும். எந்த மாத்திரைக்கும் இந்த வித்தை தெரியாது.

ஆனால் ஃபேஜுக்கும் தன் குட்டிகளைப் போடுவதற்குச் சுறுசுறுப்பான பாக்டீரியா வேண்டும். நான் 96 குழித் தட்டில் பயோஃபிலிம் வளர்த்து, ஃபேஜ் விட்டு, பயோஃபிலிமில் ஒட்டும் கிறிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஊதா நிறம் நன்றாக வெளுத்திருந்தது, முழுக்கப் போகவில்லை. இன்னொரு நாள் விட்டுவைத்த குழிகளில் ஊதா மறுபடி ஏறியிருந்தது. தப்பியவை பெருகிவிட்டன.

இந்தத் தப்பிப்பதையே ஆயுதமாக்கியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் பால் டர்னரும் பெஞ்சமின் சானும். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கனெக்டிகட்டில் டாட்ஜ் பாண்ட் என்ற குளத்துத் தண்ணீரிலிருந்து ஓம்கோ1 என்ற ஃபேஜைப் பிடித்தார்கள். சூடோமோனாஸ் தனக்குள் வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ள ஒரு பம்ப் வைத்திருக்கிறது. ஓம்கோ1 பற்றிக்கொள்வது அந்தப் பம்பின் வெளிமுனையைத்தான். பாக்டீரியா பம்பை வைத்திருந்தால் ஃபேஜிடம் மாட்டும். ஃபேஜுக்குப் பயந்து பம்பை மாற்றிக்கொண்டால் மருந்து உள்ளேயே தங்கிவிடும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி.

2012இல் மகாதமனியில் டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாய் வைக்கப்பட்ட ஒருவருக்கு அந்தக் குழாயின் மேலேயே சூடோமோனாஸ் பயோஃபிலிம் கட்டி, வருடக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. 2016 ஜனவரியில் ஓம்கோ1 ஃபேஜையும் செஃப்டசிடைம் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே தடவையாக அங்கே செலுத்தினார்கள். அதன்பின் அந்தப் பாக்டீரியா கல்ச்சரில் (மாதிரி எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) வரவில்லை, ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்த முடிந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை: சில வாரங்கள் கழித்து ரத்தக்கசிவால் அவசர அறுவை சிகிச்சை நடந்து, குழாயின் ஒரு பகுதி மாற்றப்பட்டது. ஆகவே மொத்தப் பெருமையையும் ஃபேஜின் கணக்கில் எழுத முடியாது.

அதே 2016 மார்ச்சில் சான் டியாகோவில் டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர், எகிப்துப் பயணத்தில் தொற்றிய அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவால் கோமாவில் கிடந்தார். ஃபேஜ் கலவையை வயிற்றிலும் பிறகு ரத்தத்திலும் ஏற்றிய சில நாட்களில் கண் விழித்தார். அவருக்கும் இடையில் பாக்டீரியா ஃபேஜுக்குத் தப்பியது, புதிய ஃபேஜ் தேட வேண்டியிருந்தது. ஆன்டிபயாட்டிக்கும் கூடவே ஓடியது.

வெற்றிக் கதைகளைப் பகிர்பவர்கள் ஃபேகோபர்ன் பற்றிப் பேசமாட்டார்கள். ஐரோப்பாவில் தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றியவர்களிடம் முறையாக நடத்திய சோதனை அது. வழக்கமான வெள்ளிக் களிம்பைவிட ஃபேஜ் மெதுவாகத்தான் வேலை செய்தது, சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். காரணம் என்ன தெரியுமா? தயாரித்து வைத்த கலவையில் ஃபேஜ் எண்ணிக்கை சரிந்து, ஒரு மில்லியில் 10 லட்சம் போகவேண்டிய இடத்தில் நூறோ அதற்கும் குறைவோதான் போயிருந்தது. என் பார்வையில் ஃபேஜின் பெரிய எதிரி பாக்டீரியா இல்லை, குப்பியில் அடைத்து வைப்பதுதான்.

போன மாதம் என் சித்தப்பா போன் செய்தார். மூட்டு மாற்றிய இடத்தில் சீழ். "ஏதோ வைரஸ் ஊசி இருக்காமே, ஜார்ஜியாவுல போடுறாங்களாமே, போகலாமாம்மா?" என்றார். திபிலீசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகிறது, இந்தியாவிலிருந்தும் போய்வந்தவர்கள் உண்டு. "போறது அப்புறம் சித்தப்பா, கல்ச்சர் ரிப்போர்ட்ல என்ன பாக்டீரியான்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். ஒரு ஃபேஜ் ஒரு இனத்தின் சில வகைகளை மட்டுமே தொடும். அவருடைய பாக்டீரியாவை உயிரோடு வாங்கி, கையிருப்பில் உள்ள ஃபேஜ்களை ஒவ்வொன்றாக அதன்மேல் சொட்டி, எதில் ஓட்டை விழுகிறது என்று பார்த்த பிறகுதான் ஊசி பற்றியே பேச முடியும். தேடிப் பார்த்தால் ஆறு மாதமாக மருந்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார், ஒரு தடவைகூட மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சர் போடவில்லை. வரும் திங்கட்கிழமை எடுக்கப்போகிறார்கள்.