'ஏசியைக் குறை' என்றால் எந்தப் பக்கம்?

கேள்வி: டீச்சர், எங்கள் மாமிக்குத் தடிமன். இரவு "ஏசியைக் குறை புள்ள" என்றார். 25இல் இருந்ததை 21க்குக் குறைத்துவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் தலையை மூடிக்கொண்டு நடுங்குகிறார். "குறைக்கத்தானே சொன்னேன்" என்று அவருக்கு மனத்தாங்கல். குறைத்தேனே என்று எனக்கும். யார் பக்கம் சரி?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், முதலில் மாமிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். அப்புறம் பேச்சைப் பார்ப்போம்.

இரண்டு பேர் தமிழிலும் பிழையில்லை. மாமி குளிரை நினைத்துச் சொன்னார். நீங்கள் ரிமோட்டில் தெரியும் இலக்கத்தை நினைத்தீர்கள். ஏசியில் இலக்கம் இறங்கினால் குளிர் ஏறும். சிக்கல் அங்கேதான்.

"அடுப்பைக் குறை" என்று காலங்காலமாகச் சொல்கிறோம். அடுப்பு என்றாலும் குறைவது நெருப்பு. பள்ளியில் படித்த ஆகுபெயர்தான். விறகடுப்பில் கொள்ளியை வெளியே இழுத்தால் சரி. காஸ் அடுப்பில் குமிழை மேலும் திருப்பினால்தான் தீ சிறுக்கும். ஆனாலும் யாரும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் எல்லாருடைய கண்ணும் சுவாலையில் இருக்கிறது. பேனில் 5இலிருந்து 2க்கு வந்தால் காற்றும் குறையும், எண்ணும் குறையும். குளிரை மட்டும் கண்ணால் காண முடியாது. அதனால் இலக்கத்தைப் பார்க்கிறோம்.

பிரிட்ஜ் இன்னும் மோசம். போன ஆனியில் கச்சான் அனலாய் வீசிய ஒரு நாள், "பிரிட்ஜைக் குறைத்துவிடு மனே" என்று பேரனிடம் சொன்னேன். உள்ளே சூடு குறைய வேண்டும் என்பது என் நினைப்பு. அவன் உள்ளே இருந்த குமிழை 4இலிருந்து 1க்குத் திருப்பிவிட்டான். அந்தக் குமிழில் இருப்பது பாகை அல்ல, குளிரின் அளவு. எங்களுடையதில் 7தான் கடுங்குளிர். விடிந்து பார்த்தால் வாவி இறால் நாறிப்போய்க் கிடந்தது, சட்டித் தயிர் வாயில் வைக்க முடியாத புளிப்பு. பிள்ளையைக் கடிந்துகொண்டேன். அது நியாயமில்லை, நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். பின்னேரம் கூப்பிட்டு மடியில் வைத்து அதைச் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இயந்திரத்தின் பேரைச் சொல்லி ஏற்றவோ இறக்கவோ சொல்வதில்லை. "குளிரைக் குறை", "குளிர் காணாது, கூட்டு" என்போம். இலக்கம் தெரிந்தவர்கள் "26இல் வை" என்று நேராகவே சொல்வார்கள். வெளியார் வந்து வியர்வையோடு "ஏசியைக் கூட்டுங்க" என்றால் குளிரைத்தான் கேட்கிறார். முகத்தைப் பார்த்தாலே விளங்கும். இரவில், இருட்டில், தடிமனோடு படுத்திருக்கும் வயதானவரின் முகம் தெரியாது. அங்கே வாயால் கேட்டாக வேண்டும்.

இன்றிரவு 27இல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, "இந்தக் குளிர் காணுமா மாமி?" என்று கேட்டுப் பாருங்கள்.